நூறு கிராம் வெள்ளை

மிக்ஸி நின்றதும் மூடியைத் திறக்காதே.
எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது.
உள்ளே இன்னும் புகை நிற்கிறது,
இனிப்புப் புகை.
அவசரப்பட்டால் புருவம் நரைக்கும்,
மேடை முழுக்க எறும்புக்கு அழைப்பிதழ்.

இருபது எண்ணித் திறந்தேன்.
சின்ன ஜார்தான் இதற்கு.
விட்டு விட்டு ஓட்ட வேண்டும்.
ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சுடும்,
சுட்டால் சர்க்கரை வியர்க்கும்,
வியர்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு
கரண்டிக் காம்பால் பெயர்க்கச் சொல்லும்.

கொடுங்கையூரில் நவம்பர் வந்தால்
உப்பு ஜாடியே அழுகிறது.
அதனால் நூறு கிராமுக்கு ஒரு ஸ்பூன் சோளமாவு.
ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்,
சர்க்கரை தன்பாட்டுக்கு இருக்கும்.

முதல் வருஷம் இதெல்லாம் தெரியாது.
ஒரு கப் சர்க்கரை என்று இருந்த இடத்தில்
ஒரு கப் பொடியைக் கொட்டினேன்.
கப் அதே கப்தான்,
உள்ளே பாதி காற்று.
"பன் நல்லாருக்கு" என்றார் வீட்டுக்காரர்.
அது கேக்.
மறுநாள் மூலக்கடையில் தராசு வாங்கினேன்.

இன்றைக்குக் கீழ்ப்பாக்கம், ரோசலின் மேடம்.
சாக்லேட் கேக், ஒரு கிலோ.
கிரீம் வேண்டாம், மேலே வெள்ளைத் தூவல் மட்டும்,
பனி விழுந்த மாதிரி.
பனி!
மழை நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.
இங்கே தூவி அனுப்பினால்
பெரம்பூர் பாலம் ஏறுவதற்குள் கேக் அதைக் குடித்துவிடும்,
போய்ச் சேர்வது நனைந்த தார் ரோடு.

ஆகவே பொடியைத் தனியாகக் கட்டினேன்.
சின்ன ஜிப் கவர். கூடவே ஒரு டீ வடிகட்டி.
"வெட்டும் முன் தூவவும்" என்று சீட்டு.
தணிகைவேல் வண்டியை எடுத்தான்.

நாற்பது நிமிஷத்தில் போன்.
"அக்கா, டவுட்டன்ல நிறுத்திட்டாங்க.
பவுடர் இன்னான்னு கேக்கறாங்க."

வெள்ளைப் பொடி. ஜிப் கவர். ராத்திரி எட்டரை.
எனக்குக் கை சில்லிட்டது.
போன் கை மாறியது.

"இன்னாம்மா இது?"
சர்க்கரைங்க சார்.
"சர்க்கரை எனக்குத் தெரியாதா? இது மாவு மாதிரி கீது."
அரைச்சதுங்க. சோளமாவும் இருக்கு.
"அது எதுக்கு?"
கட்டி தட்டாம இருக்க.
"கேக் மேலயே போட்டு அனுப்ப வேண்டிதானே?"
கரைஞ்சிடும் சார். இந்த ஊர்க் காத்து அப்படி.

இத்தனை வருஷத்தில்
யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.
பயத்திலும் ஒரு ஓரத்தில்
தேர்வில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷம்.

கவர் பிரியும் சத்தம்.
பிறகு எதுவுமில்லை.
ஒரு ஆட்டோ ஹாரன் மட்டும் நீளமாக.

"நறநறன்னு கீதேம்மா."

சார்?

"சர்க்கரைதான். ஆனா நறநறன்னு கீது.
சலிக்கலியா?"

சலித்தேன். ஒரு தடவை.
இரண்டாம் முறை சலிக்க வேண்டும் என்று தெரியும்.
மழை விட்ட இடைவெளியில்
வண்டி கிளம்பட்டும் என்று விட்டேன்.
அதை எப்படிச் சொல்வது,
சட்டத்திடம்?

"ஒரு தடவைதான் சார்," என்றேன்.
"ம்," என்றார். "போ தம்பி."

பத்து மணிக்கு ரோசலின் மேடம் படம் அனுப்பினார்.
அழகு என்று மூன்று பூ.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
வட்டம் முழுக்க வெண்மை,
வலது ஓரத்தில் மட்டும்
ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு.
பொடி பற்றவில்லை போலிருக்கிறது.

சல்லடையைத் தட்டிக் கழுவாமல்
மீந்ததை எடுத்து நாக்கில் வைத்தேன்.
மேலண்ணத்தில் ஒரு துகள் நின்றது,
கரையாமல், கொஞ்ச நேரம்.